டிமாரலைஸ்

டிமாரலைஸ்: ஒருவருடைய அல்லது ஒரு கூட்டத்தாருடைய தன்னம்பிக்கையையும் உற்சாகத்தையும் குலைத்து மனந்தளரச் செய்தலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். இதன் பெயர்ச்சொல் ‘டிமாரலைசேஷன்’.

வரலாறு: பிரெஞ்சு மொழி வினையொன்றை ஒட்டிப் பிறந்த இச்சொல்லை, அமெரிக்க அகராதி ஆசிரியரான நோவா வெப்ஸ்டர், பிரெஞ்சுப் புரட்சியை ஆராய்ந்து 1794-இல் வெளியிட்ட சிறு நூலில் வழங்கினார், ஆங்கிலத்திற்குத் தாம் புதிதாக ஆக்கியளித்த சொல் இஃதொன்றே என்று அவர் பிற்காலத்தில் கூறியதாக நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல் எழுதியிருக்கிறார். ஆதியில் ஒழுக்கங்கெடச் செய்தல் என்பதே இதன் அர்த்தம். தோல்வியாலும் பசியாலும் வதந்தியாலும் கட்டுப்பாடும் தைரியமும் இழந்த சேனைகளை வருணிக்க 19-ஆம் நூற்றாண்டில் இது பயன்படத் தொடங்கியபின், இன்றைய பொருளே பிரதானமாயிற்று.

பிரயோகம்: ‘டிஸ்கரேஜ்’ என்பது பெரும்பாலும் ஒரு காரியத்தினின்று ஒருவரைப் பின்வாங்கச் செய்வது, டிமாரலைஸ் என்பதோ காரியம் செய்யும் சக்தியையே உள்ளிருந்து அரிப்பது. இந்தப் பரீட்சை உனக்கு வேண்டாமென்று மாணவனைத் தடுப்பது முன்னது. அவன் விடைத்தாளை வகுப்பின் நடுவே உயர்த்திக் காட்டி, மற்றவர் நகைக்க, அவன் மறுநாள் புத்தகத்தைத் தொடவும் கூசுமாறு செய்வது பின்னது.

தமிழில்: ‘ஊக்கங்குலைத்தல்’, ‘மனந்தளர்த்துதல்’ என்பன தற்காலப் பொருளுக்குப் பொருந்தும். பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்போர், அங்கு ‘ஒழுக்கங்கெடுத்தல்’ என்னும் மூலப்பொருள் உளதா என்று ஆராய்ந்து தெளிதல் அவசியம்.