பைபாஸ் மரணங்களை நியூயார்க் எண்ணிய கதை

1986-ல அமெரிக்க அரசு ஒரு லிஸ்ட் வெளியிட்டுச்சு. மெடிகேர்னு முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு இருக்கு இல்லையா, அதுல சேர்ந்தவங்க எந்த ஆஸ்பத்திரியில எவ்வளவு பேர் இறந்தாங்கன்னு ஒரு கணக்கு. அதுலயே ரொம்ப மோசமா தெரிஞ்ச இடத்துல 87 சதவீதத்துக்கும் மேல மரணம். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது இனி குணமாகாதுன்னு ஆனவங்களைக் கடைசி நாட்கள்ல பார்த்துக்குற இல்லம்!

யார் உள்ளே வந்தாங்கன்னு கேட்காம எத்தனை பேர் இறந்தாங்கன்னு மட்டும் எண்ணினா இதுதான் நடக்கும். இதய ஆபரேஷன்ல இது இன்னும் சிக்கல். 50 வயசுல நடந்து வர்றவருக்கும், 80 வயசுல கிட்னி போய் டயாலிசிஸ்ல இருக்குறவருக்கும் செய்யுறது ஒரே பைபாஸ்தான். ஆபத்து ஒண்ணா?

1989-ல நியூயார்க் மாநில சுகாதாரத் துறை இதைச் சரியா செய்யணும்னு இறங்குச்சு. பைபாஸ் செய்துகொள்ளும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு படிவம். வயசு, இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன், டயாலிசிஸ், ஏற்கெனவே நடந்த இதய ஆபரேஷன், சமீபத்திய மாரடைப்பு எல்லாம் அதுல வரும். இதை வச்சு, இந்த மாதிரி நோயாளிகள்ல எத்தனை பேர் இறக்க வாய்ப்புன்னு முதல்ல கணிப்பாங்க. அதோட நிஜ மரணத்தை ஒப்பிடுவாங்க. சும்மா ஒரு கணக்கு: மாநில சராசரி 3 சதவீதம்னு வைங்க. ஒரு ஆஸ்பத்திரியில கணிப்பு 9, நிஜம் 6. அதோட திருத்திய விகிதம் 2. இன்னொண்ணுல கணிப்பு 1, நிஜம் 2. அதுக்கு 6! பார்க்க நல்லா இருந்தது மோசமாயிடுச்சு.

1991-ல நியூஸ்டே பத்திரிகை வழக்கு போட்டு ஜெயிச்சு, தனித்தனி சர்ஜன்களோட விகிதத்தையும் பெயரோட வெளியிட்டுச்சு. டாக்டர்கள் கொதிச்சாங்க.

ஆனா ஆல்பனி நகரத்துல செயின்ட் பீட்டர்ஸ் ஆஸ்பத்திரி தன்னோட கணக்கைப் பிரிச்சுப் பார்த்துச்சு. சாதாரண கேஸ்ல பிரச்சினை இல்ல. அவசர கேஸ்லதான். 1992-ல அப்படி வந்த 42 பேர்ல 11 பேர் இறந்திருந்தாங்க. காரணம் சர்ஜனோட கை இல்ல, அவசரம். மாரடைப்போட தடுமாறுற உடம்பை நேரா ஆபரேஷன் டேபிளுக்குக் கொண்டு போயிருக்காங்க. அதுக்கப்புறம் முதல்ல நிலைப்படுத்தினாங்க. பெரிய ரத்தக்குழாய்க்குள்ள ஒரு பலூன் பம்ப் விட்டு இதயத்துக்குக் கைகொடுக்குறது மாதிரி வழிகள்ல. அடுத்த வருஷம் 54 அவசர கேஸ். ஒருத்தர்கூட இறக்கல.

என்னைக் கேட்டா, இந்த முழுக்கதையிலயும் டேட்டா தன் வேலையை ஒழுங்கா செஞ்ச இடம் இதுதான். மாநிலம் முழுக்கவே 1989-ல 4.17-ஆ இருந்த திருத்திய மரண விகிதம் 1992-ல 2.45 சதவீதம்.

அந்த இறக்கம் முழுசும் நல்ல சிகிச்சையாலதானா? இங்கதான் உதைக்குது. நாள்பட்ட நுரையீரல் நோய் ஆபத்துக் காரணியா கணக்குல வரும். படிவங்கள்ல அந்த நோய் இருக்குறதா குறிச்சவங்க 1989-ல 6.9 சதவீதம், 1991-ல 17.4. ரெண்டே வருஷத்துல ஊரோட நுரையீரலே கெட்டுப்போச்சா என்ன! ஆபத்து அதிகம்னு எழுதினா கணிப்பு ஏறும், ஸ்கோர் அழகாகும்.

இன்னொரு விளைவு இதைவிடப் பயங்கரம். பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவும் இதே மாதிரி அறிக்கை வெளியிட்டுச்சு. அங்க எடுத்த ஒரு சர்வே 1996-ல வந்துச்சு. ரொம்ப மோசமான நிலையில இருக்குற நோயாளிக்கு சர்ஜன் கிடைக்குறது கஷ்டமாயிடுச்சுன்னு 59 சதவீத இதய மருத்துவர்கள் சொன்னாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு ஆபரேஷன் செய்யத் தயக்கம் கூடிடுச்சுன்னு 63 சதவீத சர்ஜன்களே ஒத்துக்கிட்டாங்க.

ஆபத்துக்குத்தான் கணக்குல இடம் இருக்கே, ஏன் பயம்? வருஷத்துக்கு 100 ஆபரேஷன் செய்யுற ஒருத்தருக்கு 2 மரணம் 4 ஆனா விகிதம் ரெட்டிப்பு. அதுல எவ்வளவு அதிர்ஷ்டம், எவ்வளவு திறமைன்னு எந்த ஃபார்முலாவும் அடிச்சுச் சொல்லாது. பெயரோ பேப்பர்ல வரும். அவர் வேணாம்னு திருப்பி அனுப்பின நோயாளி வீட்டுல இறந்தா, அது யாரோட ஸ்கோர்லயும் ஏறாது.

அடுத்த எபிசோட்ல பிரிட்டன் போறோம். பிரிஸ்டல்ல குழந்தைகளோட இதய ஆபரேஷன் மரணங்களைத் தானே எண்ண ஆரம்பிச்ச மயக்கமருந்து டாக்டர் ஸ்டீவ் போல்சினோட கதை.