கறளும் வரலாறும்: பழைய மோட்டார்க் கார்களின் பேணுகை குறித்துச் சில சிந்தனைகள்

1

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் புதுப்புனைவுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொறியை முதலிற் புனைந்தவர் யார், எந்நாட்டில், எவ்வாண்டில் என்பனவே அதன் பிரதான வினாக்களாகும். புனையப்பட்ட பொருள் எத்துணைக் காலம் உழைத்தது, அதனை உழைக்கச் செய்தோர் யாவர், அவர்கள் கையாண்ட அறிவு எத்தகையது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. பொருள்களை உற்பத்தி செய்யும் நாடுகளின் நோக்கில் எழுதப்பட்ட வரலாற்றில் இக்குறை இருப்பது இயல்பே. ஆயின், பொருள்களை இறக்குமதி செய்து, இயன்றவரை நீண்ட காலம் பேணிப் பயன்படுத்திய எம்போன்ற நாடுகளின் தொழினுட்ப வரலாற்றை அந்நோக்கில் எழுதிவிட முடியாது. எமது வரலாற்றின் கணிசமான பகுதி பேணுகையின் வரலாறாகும்.

பழைய மோட்டார்க் கார்களைப் பீடித்த துருவும் அதனை எதிர்த்து நடைபெற்ற திருத்த வேலைகளும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பாடநூல்களில் துரு எனப்படுவது யாழ்ப்பாண வழக்கிற் கறள் எனப்படும். இரும்பு கறள் பிடிப்பது இரசாயன விதி. ஆயின், எந்தக் கார் எத்தனை ஆண்டுகளிற் கறளினால் அழிந்து கழிக்கப்படுகிறது என்பதை உற்பத்தி முறையும் சந்தையும் உழைப்பின் விலையும் சேர்ந்தே தீர்மானித்து வந்துள்ளன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இரும்பு நீருடனும் ஒட்சிசனுடனும் சேர்ந்து ஐதரேற்றிய இரும்பொட்சைட்டாக மாறுவதே துருப்பிடித்தலாகும். இது ஒரு மின்னிரசாயன நிகழ்வு. ஒரே தகட்டின் ஒரு பகுதி அனோட்டாகவும் மற்றொரு பகுதி கதோட்டாகவும் தொழிற்பட, ஈரம் அவற்றிடையே மின்பகுபொருளாக அமைகின்றது. ஈரத்திலே உப்புக் கரைந்திருக்கையில் மின்கடத்துதிறன் கூடுவதனால் அரிப்பு விரைவடைகின்றது. இரும்பைக் காட்டிலும் துரு கூடிய கனவளவை அடைத்துக்கொள்வதனால், அது பூச்சை உள்ளிருந்தே தள்ளிப் பெயர்க்கின்றது. மேற்பூச்சிற் சிறு கொப்புளம் தோன்றும்போது உட்புறத் தகடு பெரும்பாலும் அழிந்திருப்பதன் காரணம் இதுவே. மேலும், சேற்றினடியிலும் இரு தகடுகள் ஒட்டும் இடுக்குகளிலும் ஒட்சிசன் குறைவாக உள்ளது. அத்தகைய இடங்களே அனோட்டாகி அரிக்கப்படுகின்றன. எனவே கறள் கண்ணுக்கெட்டாத இடத்திலேயே தன் வேலையைத் தொடங்குகின்றது.

இதனைத் தடுக்கும் அறிவு மோட்டார்க் காருக்கு மிகவும் முற்பட்டது. 1824ஆம் ஆண்டிலே ஹம்பிறி டேவி, பிரித்தானியக் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அறையப்பட்ட செம்புத் தகடுகளுடன் நாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்தினால், அத்துண்டுகள் அரிபட்டுச் செம்பு காக்கப்படும் எனக் காட்டினார். செம்பு காக்கப்பட்டது உண்மையே. ஆயின், செம்பு கரைந்தபோது அணுகாதிருந்த சிப்பிகளும் பாசியும் இப்போது கப்பலில் அடர்ந்து ஒட்டி அதன் வேகத்தைக் குறைத்தன. அதனாற் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. விஞ்ஞானம் தீர்வைக் காட்டினும், அது ஏற்கப்படுவதும் கைவிடப்படுவதும் பயன்படுத்துவோரின் தேவையைப் பொறுத்தனவே என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். பின்னர், 1837இல் பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் சொரெல் இரும்பின்மீது நாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கூரைத் தகடுகளும் வாளிகளும் அம்முறையினால் நீண்ட காலம் உழைத்தன. கார்த் தகட்டுக்கு மட்டும் அப்பாதுகாப்பு நூறாண்டுகளுக்கு மேலாகக் கிட்டவில்லை.

3

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளக் காரின் உடலமைப்பில் ஏற்பட்ட மாற்றத்தை நோக்குதல் வேண்டும். ஆரம்பகாலக் கார்கள் கனத்த இரும்புச் சசியின்மீது மரச்சட்டத்தாலான உடலைத் தாங்கியிருந்தன. தகடு வெறும் போர்வையே. அது அரிபட்டாலும் வண்டியின் பலம் குன்றவில்லை. பாரிய அழுத்தப் பொறிகளாற் தகட்டை வார்ப்பெடுக்கும் முறை வளர்ச்சியுற்றதும், சசியைத் தவிர்த்து உடலையே பாரம் தாங்கும் பெட்டியாக ஆக்குதல் சாத்தியமாயிற்று. 1922இல் லான்சியா லம்டா, 1934இல் சித்திரோன், 1937இல் வொக்ஸ்ஹோல் என இம்முறை பரவியது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரும் இவ்வகையினதே. அலெக் இசிகோனிசு வடிவமைத்த இக்கார் ஏறத்தாழ 16 இலட்சம் எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று.

புதிய அமைப்பினால் இரும்பும் எடையும் செலவும் மிச்சமாயின. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி விட்டங்கள், குறுக்கு விட்டத்தின் நுனிகள், பின் வில்லுகள் பொருந்துமிடம் ஆகியனவே வண்டியைத் தாங்கும் எலும்புகளாயின. மெல்லிய தகட்டாலான இவ்வெலும்புகளின் உட்புறத்துக்குப் பூச்சு முழுமையாகச் சென்றடையவில்லை. சேறும் நீரும் சென்றடைந்தன. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 டெவன், 1952இன் சமசெற் ஆகியன தனிச் சசி உடையவை. 1954இன் கேம்பிறிட்ஜ் அஃதற்றது. முன்னையவற்றின் மட்கார்ட்டில் விழுந்த ஓட்டை அழகுக் குறைபாடு. பின்னையதின் அடிவிட்டத்தில் விழுந்த ஓட்டையோ வண்டியின் உயிருக்கே ஊறு. எனவே கார்கள் கறளினாற் கழிக்கப்படும் நிலை, உற்பத்தி முறையில் நிகழ்ந்த மாற்றத்தின் விளைவாகவே கூர்மையடைந்தது.

4

இம்மாற்றம் நிகழ்ந்த காலமே, விற்பனையைப் பெருக்குவதற்காகப் பொருளின் ஆயுளைச் சுருக்குதல் ஒரு கொள்கையாக உருவெடுத்த காலமுமாகும். 1920களில் அல்பிரட் சுலோனின் தலைமையில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. 1932இல் பேணாட் லண்டன் என்பார், பொருள்களின் ஆயுளை அரசே வரையறுத்துப் பழையவற்றை அகற்றுவதன் மூலம் பொருளாதார மந்தத்தை நீக்கலாம் எனத் துண்டுப்பிரசுரம் எழுதினார். 1960இல் வன்ஸ் பக்காட் இப்போக்கினை விரிவாகக் கண்டித்து நூல் வெளியிட்டார்.

துருவை உற்பத்தியாளர் வேண்டுமென்றே புகுத்தினர் என்று கொள்ள வேண்டியதில்லை. அதனைத் தடுக்கச் செலவு செய்வதால் அவர்களுக்கு இலாபம் இருக்கவில்லை என்பதே விடயத்தை விளக்கப் போதுமானது. குளிர்நாடுகளில் இரண்டாம் உலகப் போரின் பின்னர் வீதிப் பனியைக் கரைக்க உப்புத் தூவும் வழக்கம் பெருகியபோது கேடு வெளிப்படையாயிற்று. 1970களிலே கனடாவிற் துருப்பிடித்த கார்களின் சொந்தக்காரர்கள் அமைப்பாகத் திரண்டு நட்டஈடு கோரினர். 1980இல் பிரித்தானியாவில் லான்சியா பீற்றா கார்கள் இயந்திரம் தாங்கும் சட்டத்தருகே துருப்பிடித்தமை பெரும் சர்ச்சையாகி, நிறுவனம் பல கார்களைத் திரும்ப வாங்க நேர்ந்தது. இத்தகைய நெருக்குதல்களின் சூழலிலேயே நிலைமை மாறியது. 1976ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து போர்ஷே 911 முழுவதும் நாகம் பூசிய தகட்டால் ஆக்கப்பட்டது. அதே தசாப்தத்தில், உடல் முழுவதையும் பூச்சுத் தொட்டியில் அமிழ்த்தி மின்னால் பூச்சைப் படியச் செய்யும் கதோட்டு முறையும் கார்க் கைத்தொழிலுக்கு வந்தது. சொரெலின் காப்புரிமைக்கும் இதற்கும் இடைப்பட்ட 139 ஆண்டுகளை அறிவின் பற்றாக்குறையினால் மட்டும் விளக்கிவிட முடியாது.

5

இனி இலங்கையை நோக்குவோம். குடியேற்ற ஆட்சிக் காலத்திலும் சுதந்திரத்தின் பின்னரும் இந்நாட்டு வீதிகளிற் பெரும்பான்மையாக ஓடியவை பிரித்தானியக் கார்களே. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதி வருவாயிலேயே அவை வாங்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை, ஏற்கெனவே நாட்டிலிருந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் ஹில்மன்களுமே உழைக்க வேண்டியிருந்தது. உற்பத்தி செய்த நாட்டிற் பத்தாண்டில் கழிக்கப்படத்தக்க பண்டம், இங்கு பரம்பரைச் சொத்தாகவும் வாடகைக் கார்ச் சாரதியின் சீவனோபாயமாகவும் மாறியது.

இங்கு பனியில்லை, வீதியில் உப்புத் தூவுவதுமில்லை. ஆயினும் குடாநாட்டின் எவ்விடமும் கடலுக்கோ கடனீரேரிக்கோ வெகுதொலைவில் இல்லை. உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் ஆண்டுதோறும் தகட்டைத் தாக்கின. இதனை எதிர்கொண்டவர்கள் கராச்சுகளில் ரிங்கரிங் வேலை செய்த தொழிலாளரே. அவர்களது வேலைமுறையைக் கூர்ந்து நோக்கின், முன்னர் கூறிய இரசாயனத்தின் ஒவ்வொரு கூறுக்கும் அதில் விடை இருப்பதைக் காணலாம்.

சிறு சுத்தியலாற் தட்டி, ஒலி மழுங்கும் இடத்தைக் கொண்டு உட்கறளைக் கண்டறிதல் முதற்படி. அடுத்து, நல்ல தகடு வெளிப்படும்வரை கறளை முற்றாக வெட்டியெடுத்தல். இப்படியைத் தவிர்த்துப் பட்டி பூசி மறைப்பது விற்பவனுக்கு உதவலாம். பட்டி ஈரத்தை உறிஞ்சி உள்ளே தேக்குவதனாற் கறள் முன்னிலும் விரைவாகப் பரவும். பின்னர், மட்டையில் அளவு வெட்டி, கிடைத்த தகட்டை மணற்பையின்மீது அடித்து வளைத்து, வெப்பத்தாற் தகடு நெளியாதிருக்கச் சிறிது சிறிதாக விட்டுவிட்டு வெல்டிங் செய்தல். இறுதியாக மூட்டுகளை அடைத்து, செவ்வீயப் பூச்சிட்டு, பெட்டி விட்டங்களின் நீர்வடி துளைகளைத் திறந்துவிட்டு, உட்புறத்துக்கு எண்ணெய் விசிறுதல். அடித்தட்டிற் தடிப்பாகத் தார் பூசுவதினும் எண்ணெய் பல வேளைகளிற் பயன் தந்தது. ஏனெனில், தார் காலப்போக்கில் வெடித்து ஈரத்தைத் தகட்டோடு சேர்த்து அடைத்துவிடும். எண்ணெயோ இடுக்குகளுள் ஊர்ந்து செல்லும். மலிவான இவ்வழிமுறையின் பலம், அது மீண்டும் மீண்டும் செய்யப்பட வேண்டும் என்பதை உணர்ந்திருந்தமையிலேயே தங்கியிருந்தது. பேணுகை என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று.

1990 முதல் 2002 வரை வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை இவ்வறிவைக் கடுமையாகச் சோதித்தது. பெற்றோலும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டு, மின்விநியோகமும் அற்றிருந்த வேளையில், சில துளி பெற்றோலினால் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களே நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றன. எளிய இயந்திர அமைப்பு அவற்றுக்குக் கைகொடுத்தது. ஆயின் இயந்திரம் எதனைக்கொண்டு ஓடினாலும் அதனைத் தாங்க உடல் வேண்டும். அவ்வுடலை முந்திய முப்பது ஆண்டுகளாகக் காத்து வைத்தது ரிங்கரிங் தொழிலாளரின் உழைப்பே.

6

இவ்வுழைப்பின் பெறுமதியைப் பிறநாட்டார் உணர்ந்த சந்தர்ப்பமும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையமொன்றை நடத்திய சாள்ஸ் வெயர், புதுக்கார் வாங்கி விரைவிற் கழிப்பதிலும் பழைய காரைத் தொடர்ந்து திருத்திப் பேணுவதே சிக்கனமானது என வாதிட்டு 1982இல் நூலொன்றை வெளியிட்டார். பின்னர், 1990களிலே தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் காருக்கான தகட்டுப் பாகங்கள் கைவினையாக ஆக்கப்பட்டு அவரது நிலையத்துக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன. காரை விற்ற நாடு அதன் தகட்டைச் செய்வதை நிறுத்திவிட, வாங்கிய நாடு அத்தகட்டைச் செய்து அனுப்பியது. வரலாற்றின் இம்முரண் சிந்தனைக்குரியது. இதிற் பெருமை கொள்ளும்போதே, இங்குள்ள உழைப்பு மலிவாக இருந்தமையும் அம்முயற்சியைச் சாத்தியமாக்கியது என்பதை மறத்தலாகாது.

பற்றாக்குறையைப் போற்றுவது இக்கட்டுரையின் கருத்தன்று. இறக்குமதித் தடை திறனை வளர்த்தது. அதே தடை தொழிலாளரைப் பாதுகாப்பற்ற சூழலில் நிறுத்தியும் வைத்தது. செவ்வீயமும், பழைய மூட்டுகளை நிரப்பிய ஈயக்கலவையும் நச்சுத்தன்மை வாய்ந்தவை. வெல்டிங் புகையும் தேய்த்த பூச்சின் தூசும் நுரையீரலைத் தாக்குவன. முகமூடியின்றி அவற்றிடையே உழைத்தவரது உடலுக்குக் கார்ச் சொந்தக்காரர் எவரும் விலை கொடுத்ததில்லை. தகட்டின் அரிப்பைத் தடுத்தவன் தன் உடலின் அரிப்பைத் தடுக்க வகையற்றிருந்தான்.

அந்நியச் செலாவணி நெருக்கடி 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதியை மீண்டும் நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. ஆகவே இங்கு ஆராய்ந்த நிலைமை கடந்துபோனதொன்றன்று. அத்தகைய காலங்களிற் சமூகம் நம்பியிருப்பது இத்தொழிலாளரின் கையறிவையே. அவ்வறிவோ வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் குருவிடமிருந்து மாணாக்கனுக்குச் சென்றது. அவனோடே மறைவதும் உண்டு. சுத்தியலின் ஒலியைக் கொண்டு தகட்டின் நிலையறிவதற்கும், வெப்பத்தில் நெளிந்த தகட்டை நிமிர்த்துவதற்கும் கராச்சுகளில் வழங்கும் சொற்கள் எமது கலைச்சொல் தொகுதிகளில் இடம்பெறுதல் வேண்டும். நாட்டார் பாடல்களைத் தொகுத்தமை போன்றே, முதிய தொழிலாளரைச் சந்தித்து அவர்தம் வேலைமுறைகளைப் பதிவுசெய்தலும் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். அவ்வாய்வு, அவர்கள் எவ்வாறு உழைத்தார்கள் என்பதோடு, அவ்வுழைப்புக்கு என்ன பெற்றார்கள் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.