வாக்களிக்கப்பட்டவள்

இலக்கணம் கற்பிப்பவள் என்பதால், ஒரு வினைச்சொல்லைக் கண்டதும் அதன் எழுவாய் யார் என்றே முதலில் தேடுவேன். இத்தாலிய மொழியில் மணம் புரிவதைக் குறிக்கும் வினை ‘ஸ்பொசாரே’. இன்று ஆணும் பெண்ணும் தத்தம் மணத்தைச் சொல்ல இதையே பயன்படுத்துகிறார்கள். அதன் வேரில் இந்தச் சமத்துவம் இல்லை.

இலத்தீனில் ‘ஸ்பொந்தேரே’ என்றால் முறைப்படி வாக்குக் கொடுத்தல். பண்டைய ரோமில் மணம் பேச வந்தவன் பெண்ணின் தந்தையிடம் கேட்பான்: ‘ஸ்பொந்தேஸ்னே?’ வாக்குத் தருகிறாயா? ‘ஸ்பொந்தெயோ’, தருகிறேன் என்பார் தந்தை. கேட்டவரும் ஆண், சொன்னவரும் ஆண். பேசப்பட்டவள் ‘ஸ்பொன்ஸா’, அதாவது வாக்களிக்கப்பட்டவள். மணமகனையும் ‘ஸ்பொன்ஸுஸ்’ என்றார்கள். ஆனால் அவனால் கேட்கும் இடத்தில் நிற்க முடிந்தது. பிற்கால ரோமச் சட்டம் மகளின் சம்மதமும் வேண்டும் என்றது. எதிர்க்காத மகள் சம்மதித்தவளாகவே கொள்ளப்பட்டாள்.

இந்தச் செயப்பாட்டு வடிவத்திலிருந்து ‘ஸ்பொன்ஸாரே’ என்ற வினை பிறந்தது. நாளடைவில் அதன் னகர ஒலி தேய்ந்து, இத்தாலியில் ‘ஸ்பொசாரே’ ஆனது.

இருபதாம் நூற்றாண்டிலும் அந்தப் பழைய பேரம் சட்டத்தில் உயிரோடிருந்தது. வல்லுறவு செய்தவன் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் குற்றம் இல்லாமல் போகும் என்றது, 1930ஆம் ஆண்டு இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 544ஆம் பிரிவு. ‘ஈடுசெய்யும் மணம்’ என்று அதற்குப் பெயர். ஈடு செய்யப்பட்டது யாருடைய இழப்பு? குடும்ப மானத்தின் இழப்பு மட்டுமே.

1965 டிசம்பரில் சிசிலியின் அல்காமோ ஊரில் 17 வயது ஃப்ராங்கா வியோலா கடத்தப்பட்டு வல்லுறவுக்கு ஆளானார். மீட்கப்பட்டதும், கடத்தியவனை மணக்க மறுத்தார். ஊர் ஒதுக்கியது, மிரட்டல்கள் வந்தன. விவசாயியான அவருடைய தந்தை வாக்குக் கொடுக்கவில்லை. மகளின் பக்கம் நின்றார். 1966இல் த்ராப்பானி நீதிமன்றம் குற்றவாளிக்கு 11 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

‘ஸ்பொந்தேரே’ வேரிலிருந்து இத்தாலியில் இன்னொரு வினையும் உண்டு: ‘ரிஸ்பொந்தெரே’, பதில் சொல்லுதல். ரோமில் தந்தை மட்டுமே சொன்ன பதிலை அல்காமோவில் மகள் சொன்னார். அது ‘மாட்டேன்’ என்ற பதில்.

544ஆம் பிரிவு 1981இல்தான் நீக்கப்பட்டது. ஃப்ராங்கா அதுவரை காத்திருக்கவில்லை. 1968இல், தான் விரும்பியவரை மணந்துகொண்டார். ‘ஸ்பொசாரே’ என்ற அந்த வினைக்கு அன்று அவரே எழுவாய்.