நன்றியும் துக்கமும்: அமெரிக்க நன்றியறிதல் நாளின் உருவாக்கமும் அதன் மீதான உரிமைப் பூசலும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று கொண்டாடப்படும் நன்றியறிதல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) 1621ஆம் ஆண்டு விருந்து ஒன்றின் தொடர்ச்சி என்று பரவலாகக் கூறப்படுகிறது. இத்தொடர்ச்சி 19ஆம் நூற்றாண்டில் கற்பிக்கப்பட்டது என்பதையும், அந்நாளைக் குறிக்கும் அதிகாரம் சமயத்திடமிருந்து அரசுக்கும் வீட்டுக்கும் வணிகத்துக்கும் கைமாறிய முறையையும், பூர்வகுடியினர் அதே நாளைத் துக்க நாளாக அனுசரிப்பதன் வரலாற்றுப் பின்புலத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: நன்றியறிதல் நாள், பிளிமத், வாம்பனோவாக், சேரா ஹேல், துக்க நாள், மரபு உருவாக்கம்.

முன்னுரை

பொங்கலை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துவோர் அதனைத் ‘தமிழரின் தேங்க்ஸ்கிவிங்’ என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அறுவடை, உறவினர் கூடுகை, உணவு ஆகிய மூன்றும் இரண்டிலும் இருப்பதால் இவ்வொப்புமை எளிதாக ஏற்கப்படுகிறது. ஆனால் வரலாற்று நோக்கில் இவை இரண்டும் வேறுபட்ட வேர்களைக் கொண்டவை. பொங்கல் ஞாயிற்றின் இயக்கத்தோடு பிணைந்தது. தை முதல் நாள் எவருடைய ஆணைக்காகவும் காத்திருப்பதில்லை. நன்றியறிதல் நாளோ அதன் தொடக்க காலத்தில் நாள்காட்டிக்கே எதிரானது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் அந்நாளின் பிற்கால மாற்றங்களை விளக்க இயலாது.

நோன்பும் நன்றியும்

17ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் ஆண்டுதோறும் குறித்த நாளில் வரும் திருவிழாக்களை ஏற்கவில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடுவதையே மாசசூசெட்ஸ் 1659 முதல் 1681 வரை தண்டத்துக்குரிய குற்றமாக வைத்திருந்தது. இறைவன் சினந்தால் நோன்பு நாள், அருள் புரிந்தால் நன்றியறிதல் நாள் என இரு வகை நாள்களையே அவர்கள் அறிவித்தனர். மழை பெய்தாலும் கப்பல் கரை சேர்ந்தாலும் நன்றி நாள் அறிவிக்கப்படலாம். நிகழ்ச்சிக்குப் பின்னரே அறிவிப்பு வரும். இறையருளை முன்கூட்டியே நாள்காட்டியில் எழுதி வைப்பது அவர்கள் பார்வையில் செருக்காகும். அந்நாளின் நடு இடம் தேவாலயமே. உணவு அதற்கு அடுத்த நிலையில்தான் இருந்தது.

இறையருள் என்று அவர்கள் கருதியவற்றுள் போர் வெற்றியும் அடங்கும். 1637 மே மாதம் மிஸ்டிக் ஆற்றங்கரையில் இருந்த பீக்வாட் குடியிருப்புக்குத் தீ வைக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அப்போரின் வெற்றிக்காக மாசசூசெட்ஸ் திருச்சபைகள் நன்றி நாள் கடைப்பிடித்தன. 1676 ஆகஸ்டில் வாம்பனோவாக் தலைவன் மெட்டாகமின் தலை பிளிமத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாளும் அவ்வூரில் நன்றியறிதல் நாளாகவே இருந்தது. அத்தலை பல ஆண்டுகள் அங்கே கம்பத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. 1621இல் ஆங்கிலேயரோடு விருந்துண்ட மசசோயிட்டின் மகன்தான் மெட்டாகம். இவ்வுறவைப் பள்ளிப் பாடநூல்கள் நெடுங்காலம் குறிப்பிட்டதில்லை.

ஒரு கடிதமும் ஓர் அடிக்குறிப்பும்

1621 இலையுதிர் காலத்தில் பிளிமத்தில் என்ன நடந்தது? நேரடிச் சான்றாக இருப்பது எட்வர்டு வின்ஸ்லோ அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று எழுதிய கடிதத்தின் ஒரு பத்தி மட்டுமே. அது 1622இல் இலண்டனில் அச்சேறியது. அறுவடை முடிந்தபின் நால்வர் பறவை வேட்டைக்கு அனுப்பப்பட்டனர். துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. மசசோயிட் ஏறத்தாழ 90 பேருடன் வந்தார். மூன்று நாள் விருந்து நடந்தது. வந்தவர்கள் ஐந்து மான்களைக் கொன்று கொணர்ந்தனர். இவ்வளவே செய்தி. ‘நன்றியறிதல் நாள்’ என்னும் பெயர் அப்பத்தியில் இல்லை. வான்கோழியும் இல்லை, அப்பருவத்தில் வான்கோழிகள் மிகுதியாகக் கிடைத்தன என்பது வில்லியம் பிராட்ஃபோர்டின் நூலிலிருந்து கிடைக்கும் தனிக்குறிப்பு. மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதற் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டனர் என்பதை நினைவிற்கொண்டால், விருந்தில் ஆங்கிலேயரைவிட வாம்பனோவாக் மக்களே மிகுதியாக இருந்தனர் என்பது விளங்கும்.

அந்த அறுவடையின் விதை பற்றியும் கூற வேண்டும். வின்ஸ்லோவின் கணக்குப்படி 20 ஏக்கரில் மக்காச்சோளம் விளைந்தது. ஆங்கிலேயர் கொண்டுவந்த பட்டாணி பொய்த்தது. 1620 நவம்பரில் காட் முனையில் இறங்கியவர்கள் பூர்வகுடியினர் மண்ணில் புதைத்துவைத்திருந்த சோளத்தைக் கண்டெடுத்துக் கொண்டதையும், அதுவே மறு ஆண்டு விதைப்புக்கு உதவியதையும் பிராட்ஃபோர்டு இறையருளாகவே பதிவு செய்கிறார். அதனை நடக் கற்பித்த டிஸ்குவாண்டம் 1614இல் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனால் கவர்ந்து செல்லப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டவர். அவர் 1619இல் திரும்பியபோது பட்டக்சட் என்னும் அவரது ஊரே கொள்ளைநோயால் அழிந்து கிடந்தது. அந்த வெற்றூரின் மீதுதான் பிளிமத் எழுந்தது.

1621ஆம் ஆண்டு விருந்துக்கும் நன்றியறிதல் நாளுக்கும் முடிச்சுப் போட்டவர் அலெக்சாண்டர் யங் என்னும் பாஸ்டன் போதகர். 1841இல் பிளிமத் ஆவணங்களைப் பதிப்பித்தபோது, வின்ஸ்லோவின் பத்திக்கு அவர் ஓர் அடிக்குறிப்பு எழுதி, இதுவே முதல் நன்றியறிதல் என்றார். ஒரு தேசத்தின் தோற்றக் கதை பதிப்பாசிரியர் ஒருவரின் அடிக்குறிப்பிலிருந்து கிளைத்தது என்பது பதிப்புப் பணியில் ஈடுபடுவோர் சற்று நின்று எண்ணத்தக்கது.

சேரா ஹேலும் லிங்கனும்

நாடு முழுவதற்கும் ஒரே நாள் என்னும் கருத்து பிளிமத் கதையிலிருந்து பிறக்கவில்லை. அதன் பின்னணியில் இருந்தவர் நியூ ஹாம்ப்ஷயரில் 1788இல் பிறந்த சேரா ஜோசஃபா ஹேல். 1822இல் கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளோடு எழுத்தை நம்பி வாழத் தலைப்பட்டவர்; ‘மேரிக்கு ஓர் ஆட்டுக்குட்டி’ என்னும் ஆங்கிலக் குழந்தைப் பாடல் இவருடையதே. 1827இல் வெளிவந்த ‘நார்த்வுட்’ புதினத்தில் நியூ இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றின் நன்றியறிதல் விருந்தை விரிவாக வருணித்தார். 1837 முதல் 1877 வரை ‘கோடீஸ் லேடீஸ் புக்’ இதழின் ஆசிரியராக இருந்து, ஆண்டுதோறும் தலையங்கங்களாலும், ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் எழுதிய கடிதங்களாலும் இக்கோரிக்கையை வலியுறுத்தினார். வடக்கும் தெற்கும் பிளவுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரே நாளில் உண்ணும் மக்கள் ஒரே மக்களாக இருப்பர் என்பது அவரது நம்பிக்கை. தென் மாநிலத்தார் பலரோ அதனை அடிமை ஒழிப்பை ஆதரித்த வடபுலப் போதகர்களின் விழாவாகவே கண்டு ஐயுற்றனர்.

1863 செப்டம்பர் 28 அன்று ஹேல் லிங்கனுக்கு எழுதினார். அக்டோபர் 3 அன்று நவம்பரின் கடைசி வியாழனை நன்றியறிதல் நாளாக அறிவிக்கும் ஆணை வெளிவந்தது. அதனை வரைந்தவர் வெளியுறவுச் செயலர் சீவர்டு. இவ்வாணையில் பிளிமத் குடியேறிகளும் இல்லை, பூர்வகுடியினரும் இல்லை. நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரே அதில் இருக்கிறது: நாட்டின் பிழைகளுக்காக வருந்துமாறும், கைம்பெண்களையும் ஆதரவற்ற குழந்தைகளையும் துயருறுவோரையும் இறைவனிடம் ஒப்புவிக்குமாறும் அது மக்களைக் கேட்கிறது. பழைய நோன்பு நாளின் குரல் இதில் இன்னும் கேட்கிறது. பிற்கால அறிவிப்புகளில் நன்றி நின்றது, வருத்தம் கரைந்துவிட்டது.

தெருவும் வீடும்

விழா வீட்டுக்குள் அடங்கியதும் உடனே நிகழ்ந்ததன்று. 19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் அந்நாள் தெருவின் நாளாகவும் இருந்தது. ஆடவர் மாறுவேடமிட்டு ஊர்வலம் சென்றனர். அவ்வழக்கம் தளர்ந்தபின் குழந்தைகள் கந்தலுடுத்து, முகத்தில் கரி பூசி, வீடுதோறும் சென்று காசும் பழமும் கேட்டனர். பள்ளி அதிகாரிகளும் செய்தித்தாள்களும் இதனைக் கண்டித்தபோதிலும் 1930கள் வரை இவ்வழக்கம் நீடித்தது. பின்னர் வேடமிட்டு வீடு வீடாகச் செல்வது அக்டோபர் இறுதியின் ஹாலோவீனுக்கு உரியதாயிற்று. கால்பந்து மட்டும் தங்கியது. 1876இல் கல்லூரி அணிகளின் ஆட்டமாகத் தொடங்கி, 1934இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ஆட்டம் வானொலியில் நாடெங்கும் ஒலிபரப்பானதோடு அது வீட்டுக் கூடத்துக்குள்ளும் நுழைந்தது. ஆடவர் ஆட்டத்தைக் கேட்டிருக்க, பெண்டிர் அடுக்களையில் இருந்தனர். இல்லத்தின் திருநாள் என்று ஹேல் போற்றியது, பெண்களுக்கு ஆண்டின் மிகக் கடுமையான வேலை நாள்களுள் ஒன்றாயிற்று.

பிளிமத் கதை இக்காலத்தில்தான் உண்மையில் வலுப்பெற்றது. 1880 முதல் 1920 வரை இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அந்நாட்டில் குடியேறினர். அவர்களின் குழந்தைகளை அமெரிக்கராக்கும் பொறுப்பைப் பள்ளிகள் ஏற்றன. குடியேறிகள் வந்தனர், துன்புற்றனர், உதவி பெற்றனர், நன்றி கூறினர் என்னும் கதை இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த குழந்தைக்கும் பொருந்தியது. காகிதத் தொப்பியும் காகித இறகும் சூடிய வகுப்பறை நாடகங்களில் பூர்வகுடியினர் விருந்துக்கு வந்து, பிறகு கதையிலிருந்து மறைந்தனர்.

இரண்டு வியாழன்கள்

இந்நாளை நிர்ணயிப்பவர் யார் என்னும் வினா 1939இல் வெளிப்படையாக எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஐந்து வியாழன்கள் வந்தன. கடைசி வியாழன் 30ஆம் நாள். நன்றியறிதல் நாளுக்குப் பின்னரே கிறிஸ்துமஸ் வணிகம் தொடங்கும் மரபு இருந்ததால், விற்பனைக் காலம் சுருங்கும் என்று கடை உரிமையாளர்கள் முறையிட்டனர். ரூசவெல்ட் நாளை 23ஆம் தேதிக்கு மாற்றினார். அறிவிப்பு ஆகஸ்டில்தான் வந்தது; அதற்குள் நாள்காட்டிகள் அச்சாகியிருந்தன, கல்லூரி ஆட்டங்களின் தேதிகள் முடிவாகியிருந்தன. காலப் கருத்துக் கணிப்பில் 62 விழுக்காட்டினர் மாற்றத்தை எதிர்த்தனர். அன்றிருந்த 48 மாநிலங்களில் 23 புதிய நாளையும் 22 பழைய நாளையும் கொண்டாடின. டெக்சாஸ் உள்ளிட்ட மூன்று இரு நாள்களையும் ஏற்றன. அண்டை மாநிலங்களில் வாழ்ந்த குடும்பத்தினர் ஒரே மேசையில் அமர முடியாமற்போனது. குறிப்பிட்ட வணிக ஆதாயம் எதுவும் கிட்டவில்லை என்று தெரிந்ததும் அரசு பின்வாங்கியது. 1941 டிசம்பர் 26 அன்று நான்காம் வியாழன் சட்டமாயிற்று.

இறையருளுக்காகக் காத்திருந்த நாள் இவ்வாறு சட்டத்தால் கட்டப்பட்ட நாளானது. முன்னோர் வழக்கு என்று மக்கள் காக்க முனைந்த கடைசி வியாழன் 76 ஆண்டு வயதுடையது மட்டுமே என்பதும், அச்சினம் பொய்யானதன்று என்பதும் ஒருசேர உண்மை. மரபு எவ்வளவு இளமையானது என்று காட்டிவிடுவதால் அதன் மீதுள்ள பற்றை விளக்கிவிட்டதாகாது. இத்துறை ஆய்வுகள் சில இவ்விடத்தில் அவசரப்பட்டுவிடுகின்றன.

கோல்ஸ் குன்று

1970இல் மேஃபிளவர் வருகையின் 350ஆம் ஆண்டு நிறைவையொட்டி மாசசூசெட்ஸில் அரசு விருந்து ஏற்பாடாயிற்று. அக்வின்னா வாம்பனோவாக் குடியைச் சேர்ந்த இசை ஆசிரியர் வம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் உரையாற்ற அழைக்கப்பட்டார். அவர் எழுதியிருந்த உரை, கல்லறைகள் தோண்டப்பட்டதையும் சோளம் எடுக்கப்பட்டதையும் நிலம் பறிபோனதையும் கூறியது. உரையை முன்கூட்டியே படித்த அமைப்பாளர்கள் அது விழாவுக்கு ஒவ்வாது என்றனர்; மாற்றி எழுதித் தந்ததைப் படிக்க அவர் மறுத்தார். அவ்வாண்டு நன்றியறிதல் நாளன்று பிளிமத் துறைமுகத்தை நோக்கியிருக்கும் கோல்ஸ் குன்றில், மசசோயிட் சிலையருகே, பல குடிகளைச் சேர்ந்தோர் கூடித் தேசியத் துக்க நாள் கடைப்பிடித்தனர். அன்று முதல் ஆண்டுதோறும் அதே நாளில் அங்கே கூடுகின்றனர். பங்கேற்போர் பலர் நோன்பிருக்கின்றனர்.

ஜேம்ஸ் குறிப்பிட்ட செய்திகள் புதியவையல்ல. கல்லறை தோண்டப்பட்டதும் சோளம் எடுக்கப்பட்டதும் வின்ஸ்லோவின் கடிதம் அச்சான அதே 1622ஆம் ஆண்டு நூலில் குடியேறிகளே எழுதிவைத்தவை. விருந்துப் பத்தியை மேற்கோள் காட்டியோர் அதே நூலின் முற்பக்கங்களைப் புரட்டாமல் விட்டனர். ஆகவே இப்பூசலை மரபுக்கும் எதிர்ப்புக்கும் இடையிலான மோதல் என்று கூறுவதைவிட, ஒரே மூலநூலின் இருவேறு வாசிப்புகள் என்று கூறுவதே பொருந்தும். 1997இல் துக்க நாள் ஊர்வலத்தில் 25 பேர் கைது செய்யப்பட்டனர். மறு ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பூர்வகுடியினர் பலர் இந்நாளைக் கொண்டாடாததன் காரணத்தைக் கூறும் பலகை குன்றின் மீது நிறுவப்பட்டது.

இதற்கு மறுமொழியாக அமெரிக்கர் பலர் கூறுவது, தாங்கள் 1621ஐக் கொண்டாடவில்லை, குடும்பத்தோடு உண்கிறோம் என்பதே. மேற்கண்ட வரலாறு இம்மறுமொழிக்கு ஓரளவு துணைநிற்கிறது. ஹேலின் விழாவில் பிளிமத் இன்றியமையாததாக இருக்கவில்லை. ஆயினும் பள்ளி நாடகத்தின் வழியே அக்கதையை ஏற்று நாட்டுரிமை பெற்ற தலைமுறைகளுக்குப் பின், அது வேண்டாத பொருளென ஒதுக்கப்படும்போது, அக்கதையால் மறைக்கப்பட்டோரின் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை.

வாம்பனோவாக் மக்களுக்கு நன்றி கூறும் நாள் இல்லாமலில்லை. பயிர்ப்பருவங்களையொட்டி அவர்களிடம் அத்தகைய நாள்கள் பல உண்டு. மார்த்தாஸ் வினியார்டு தீவின் அக்வின்னாவில் அக்டோபர் இரண்டாம் செவ்வாயன்று கிரான்பெரி நாள் வருகிறது. குழந்தைகள் அன்று பள்ளிக்குச் செல்வதில்லை. பெரியவர்களோடு கடலோரச் சதுப்பில் இறங்கிப் பழம் பறிக்கின்றனர்.