ஊதாதே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி முன்சக்கரத்தைக் கழற்றினேன். இரண்டு வாரமாகவே பிரேக் மிதித்தால் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். பேட் முழுக்கத் தேய்ந்து, அதன் முதுகுத்தகடே டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் வரி வரியாகப் பள்ளம். இரண்டையும் மாற்றியாக வேண்டும்.

பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். 1974-இல் தொடங்கி முப்பது வருஷம் பட்டறை நடத்தியவர். "காலிப்பர ஹோஸ்ல தொங்க விடாதடா. கம்பி போட்டுக் கட்டு" என்றார். கட்டினேன். பழைய பேடை உருவியதும் உள்ளே கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. குனிந்து ஊதப் போனேன்.

"ஊதாதடா!"

அப்படி ஓர் அதட்டலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. அதட்டியதிலேயே அவருக்கு இருமல் வந்துவிட்டது. தணிந்த பிறகு சொன்னார்: "நாங்கள்லாம் டிரம்மக் கழட்டித் தரையில ஒரு தட்டு தட்டி, காத்தடிச்சு ஊதுவோம். பட்டறையே புகை மூட்டமா இருக்கும். அப்ப யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உண்மையிலேயே யாருக்குத் தெரிந்திருந்தது? தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பிரேக் பேடின் கதை தோலில் தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு அவர் செய்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்து போயின. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய், கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணியடிக்கச் சொன்னார். தேய்கிற பாகத்தைத் தனியாக்கி, அதை மட்டும் மாற்றிக்கொள்வது என்ற யோசனை அதில் இருக்கிறது. நான் வாசலில் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

அடுத்தது இங்கிலாந்து. டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897-இல் பிரேக் லைனிங் தொழிலில் இறங்கினார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் ஃபெரோடோ. ஆரம்பத்தில் பருத்தி லைனிங். மோட்டார் வண்டிகளின் வேகம் கூடக் கூட அந்தச் சூட்டைப் பருத்தியால் தாங்க முடியவில்லை. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற கருவிதானே. தீப்பிடிக்காத, நூலாக நூற்கக்கூடிய ஒரு கல் இருந்தது: கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள்ளேயே அது லைனிங்கில் ஏறிவிட்டது.

ராக்டேல் நகரின் ஆலையொன்றில் நெல்லி கெர்ஷா என்ற பெண் கல்நாரை நூற்றுக்கொண்டிருந்தார். 1924-இல், 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலில் கல்நார்த் துகள்கள் இருந்ததை மருத்துவர் வில்லியம் குக் மருத்துவ இதழில் எழுதினார். ஆலை இழப்பீடு தர மறுத்தது. 1930-இல் அரசின் விசாரணை அறிக்கை வந்தது. 1931-இல் தூசியைக் கட்டுப்படுத்த விதிகளும் வந்தன. அந்த விதிகள் ஆலைக்குள் நார் நூற்பவர்களைப் பார்த்தன. அதே நார் லைனிங்காகி, டிரம்முக்குள் பொடியாகி, எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் முகத்துக்கு நேராகப் பறக்கும் என்பதை அவை கணக்கில் எடுக்கவில்லை. பிரிட்டன் கல்நாரை முழுதாகத் தடை செய்தது 1999-இல்.

இதற்கிடையில் பிரேக்கின் வடிவமும் மாறியது. டிஸ்க் பிரேக்குக்கு ஃப்ரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது காதைக் கிழிக்கும்படி கீச்சிட்டது. 1953-இல் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மூடிய டிரம்முக்குள் சூடும் தூசியும் அடைபடும். டிஸ்க்கில் காற்றுப் படுவதால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பெரியப்பா காலத்து அம்பாசிடரில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். திறக்கும்போதெல்லாம் சேர்ந்த தூசி மொத்தமும் வெளியே வரும்.

அவர் பட்டறை திறப்பதற்கு 44 வருஷம் முன்பே அந்த அறிக்கை அச்சாகிவிட்டது. தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது அவர் வாசலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அவருடைய இருமலுக்கு இதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை, பீடியும் உண்டு. அதனால் நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, துணியைப் பையில் போட்டுக் கட்டினேன். என் பேட் டப்பாவில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று அச்சிட்டிருந்தது. இருந்தாலும் ஊதவில்லை. புது டிஸ்க்கின் எண்ணெய்ப் படலத்தைத் துடைத்து மாட்டினேன். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, புதுப் பேடுகளைப் பொருத்தினேன். பிறகு சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். முதல் மிதிக்குத் தரை வரைக்கும் போனது.

"அப்படித்தான் போகும். இறுகுற வரைக்கும் மிதி. அதுக்கு முன்னாடி வண்டிய நகத்தாத."

நாலாவது மிதியில் பெடல் இறுகியது. இன்னொரு பக்கச் சக்கரத்தைக் கழற்றப் போனேன். பெரியப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். முன்பைவிடக் கொஞ்சம் தள்ளியே போட்டு உட்கார்ந்தார்.