முதலில் உயரம்

ஒரு பள்ளித் தேவாலயத்தின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன். இங்கிலாந்தில், சசெக்ஸ் பகுதியில், குன்றின்மேல் அமைந்தது லான்சிங் கல்லூரி என்னும் பள்ளி. அதை நிறுவிய பாதிரியார் நத்தானியேல் உட்வர்டு. அவர் காலத்தில், 1868-ஆம் ஆண்டு, தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. கோதிக் பாணியில் வகுத்தவர் கார்ப்பென்டர் என்னும் கட்டடக் கலைஞர். அடித்தளம் சில இடங்களில் 50 அடிக்கும் மேல் ஆழம். உள்விதானம் ஏறத்தாழ 90 அடி உயரம்.

பின்வருவோர் செலவுக்கு அஞ்சி உயரத்தைக் குறைத்துவிடுவரோ என்று உட்வர்டு ஐயுற்றார். ஆகவே, நீளம் பின்னர் வளரட்டும் என விடுத்து, ஒரு பகுதியை முதலிலேயே முழு உயரத்திற்கு எழுப்பச் செய்தார். 1891-இல் அவர் மறைந்தார். ஆலயம் 1911-இல் அர்ப்பணிக்கப்பெற்றது. மேற்கு முகமண்டபமோ 2022-இல்தான் நிறைவெய்தியது. தொடங்கியவர் முடிவைக் கண்டாரில்லை. ஆயினும் அதன் அளவை நிச்சயித்தவர் அவரே என்பது என் கருத்து.