மூலை திரும்பும் பல்சக்கரம்

கோவாவுக்கு விடுமுறைக்குப் போனால் பிள்ளைகள் முதலில் அடம் பிடிப்பது வேகப்படகு சவாரிக்குத்தான். ஏறி உட்கார்ந்ததும் அப்பாமார்கள் படகுக்காரரிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை ஹெச்.பி.?" அவரும் பெருமையாக ஒரு எண்ணைச் சொல்வார். (நம்ம ஊர்க்காரர் என்றால் மைலேஜ் எவ்வளவு என்றும் சேர்த்துக் கேட்பார் :-) ) தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன அலுமினியக் கூட்டுக்குள், அத்தனை ஹெச்.பி.யையும் வாங்கி மூலை திருப்பிவிடுகிற பல்சக்கரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

புனேவில் பல்சக்கரம் வெட்டித்தான் எனக்குச் சோறு. நான் வெட்டுவது லாரிக்கான கியர். லாரி கியர் பெட்டியில் இடம் போதவில்லை என்றால் டிசைன்காரனோடு சண்டை போட்டு இரண்டு சென்டிமீட்டர் கூட வாங்கிவிடலாம். படகில் அது நடக்காது. அறுபது எழுபது வருஷமாக வேகப்படகுகளின் சரித்திரமே அந்த இரண்டு சென்டிமீட்டர் கிடைக்காத கதைதான் என்பது என் கட்சி. கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

பழைய மோட்டார் படகில் எஞ்சின் நடுவயிற்றில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு சாய்வாக அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு பின்னால் போகும், நுனியில் ப்ரொப்பெல்லர். நேர் வழி, மூலையே இல்லை. ஆனால் எஞ்சின் இடத்தை அடைத்துக்கொள்ளும், கரை ஏறும்போது ப்ரொப்பெல்லர் தட்டும். 1909-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்க ஆரம்பித்த அவுட்போர்டு மோட்டார் இதற்கு வேறு வழி காட்டியது. எஞ்சினைப் படகின் பின்பலகையில் மாட்டு, ஒரு தண்டைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கு, அடியில் ஒரு ஜோடி பெவல் கியர் வைத்து 90 டிகிரி திருப்பு. அந்த மோட்டார் வெறும் ஒன்றரை ஹெச்.பி. அந்தச் சக்திக்கு எந்தப் பல்லும் தாங்கும்.

சிக்கல் ஆரம்பித்தது சக்தி கூடியபோது. அந்தக் கியர் ஜோடி உட்கார்ந்திருக்கும் கூடு, டார்பிடோ குண்டு மாதிரி இருக்கும், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். கூட்டைப் பருமனாக்கினால் தண்ணீர் பிடித்து இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுவை ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆக, வேகம் வேண்டும் என்றால் கூடு ஒல்லியாக இருக்க வேண்டும். கூடு ஒல்லி என்றால் உள்ளே இருக்கும் கியரும் சின்னது. மேலே இருக்கிற எஞ்சினுக்கோ இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, இஷ்டத்துக்கு வளரலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 400 ஹெச்.பி. எஞ்சின், நிமிடத்துக்கு 5000 சுற்று. எஞ்சின் ஒன்றரை சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று. அப்போது ப்ரொப்பெல்லர் தண்டில் வரும் முறுக்கு விசை 850 நியூட்டன் மீட்டர் சொச்சம். கியரின் ஆரம் 6 சென்டிமீட்டர் என்று வைத்தால் பல்லின் மேல் விழும் விசை சுமார் 1400 கிலோ. ஒரு அம்பாசடர் காரை விடக் கூடுதலான எடையை ஒன்றிரண்டு பற்கள் தாங்குகின்றன, அதுவும் மணிக்கணக்கில். கவனியுங்கள், முறுக்கு மிக அதிகமாக இருக்கிற இடம்தான் இடம் மிகக் குறைவாக இருக்கிற இடமும்.

இனி ஆட்கள்.

விஸ்கான்சினில் கார்ல் கீக்கஃபர் என்று ஒருவர். 1939-ல் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். அதோடு வந்தவை, வாங்கிய கடை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சுமார் 300 பழுதான அவுட்போர்டு மோட்டார்கள். அவற்றைச் சரிசெய்து விற்றதில் பிறந்ததுதான் மெர்குரி. மகா கோபக்காரர் என்று பெயர். ஆனால் "உழைக்குமா?" என்ற கேள்வியில் மனுஷன் சமரசமே செய்ததில்லை. ஃப்ளோரிடாவில் ஒரு ஏரியை யாருக்கும் தெரியாமல் பிடித்து, அதற்கு 'லேக் எக்ஸ்' என்று பெயர் வைத்து, இரவு பகலாக மோட்டார்களை ஓட்டினார். 1957-ல் இரண்டு படகுகளை அந்த ஏரியையே சுற்றிச் சுற்றி 25,000 மைல் ஓட வைத்தார்கள். பூமியை ஒரு சுற்று சுற்றுகிற தூரம். சராசரி வேகம் மணிக்கு 30 மைல் சொச்சம், 34 நாட்களுக்கு மேல். எரிபொருள்கூட ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு படகு பக்கத்தில் வந்து கொடுத்தது.

கியர்காரன் கண்ணுக்கு இந்தச் சோதனையில் ஒரு விஷயம் படுகிறது. அமைதியான ஏரி, மாறாத வேகம். பல்லின் மேல் விழும் சுமையும் மாறாத சுமை. அப்படிப்பட்ட சுமையை நன்றாகச் செய்த பல் எத்தனை நாள் வேண்டுமானாலும் தாங்கும். கடல் அப்படியா?

கீக்கஃபரிடம் வேலை பார்த்தவர்கள் சார்லி ஸ்ட்ராங்கும் ஜிம் வின்னும். கார் எஞ்சினைப் படகுக்கு உள்ளேயே பின்பக்கமாக வைத்து, அவுட்போர்டின் அடிப்பாகத்தை மட்டும் வெளியே தொங்கவிட்டால் என்ன என்பது அவர்கள் மனதில் இருந்த யோசனை. மலிவான பெரிய எஞ்சின், தேவைப்பட்டால் தூக்கிக்கொள்ளக்கூடிய ப்ரொப்பெல்லர். 1958-ல் வின் வேலையை விட்டார். ஸ்வீடனின் வால்வோ பென்டா அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, 1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 80 ஹெச்.பி. 1961-ல் கீக்கஃபரும் மெர்க்ரூசர் என்று தன் பங்குக்கு இறங்கினார். காப்புரிமை வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது தனிக்கதை. ஸ்ட்ராங் பிற்பாடு போட்டி நிறுவனமான ஓ.எம்.சி.க்கே தலைவரானார்.

இந்த ஸ்டெர்ன்டிரைவ் அமைப்பில் சக்தி ஒரு மூலைக்குப் பதில் இரண்டு மூலை திரும்புகிறது. எஞ்சினிலிருந்து படுக்கையாக வந்து, மேல் கியரில் திரும்பிக் கீழே இறங்கி, அடிக்கியரில் மறுபடி திரும்பி ப்ரொப்பெல்லருக்கு. அடிக்கியரையாவது கடல் தண்ணீர் குளிர வைக்கும். மேல் கியர் காற்றில், தன் சூட்டில் தானே வெந்துகொண்டிருக்கும். பிற்காலத்தில் படகுப் பிரியர்கள் அந்த மேல் கூட்டின் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற ஷவர் வாங்கி மாட்ட ஆரம்பித்தது சும்மா இல்லை.

அடுத்த வருஷம் 1960. மியாமியிலிருந்து பஹாமாஸின் நஸ்ஸாவுக்குப் படகுப் பந்தயம், கடல் கொந்தளிப்பு. முதலில் வந்தது 'மோப்பி'. ரே ஹன்ட் வரைந்த ஆழமான வி வடிவ அடிப்பாகம், டிக் பெர்ட்ராமின் படகு, நேரம் சுமார் 8 மணி. இரண்டாவதாக வந்தது யார் தெரியுமா? ஜிம் வின். அதே ஹன்டின் வி வடிவத்தில் சின்னப் படகு, பின்னால் அக்வாமேட்டிக் டிரைவ். மற்றவர்கள் வந்து சேர மறுநாள் ஆனது.

வி வடிவத்தின் பலம், அலையை வெட்டிக்கொண்டு போவது. வேகத்தைக் குறைக்காமல் அலை மேல் ஏறி, எகிறி, மறுபடி விழலாம். முதுகெலும்புக்கு நல்லது. பல்லுக்கு? படகு எகிறும்போது ப்ரொப்பெல்லர் காற்றுக்கு வருகிறது. தடுக்கத் தண்ணீர் இல்லாததால் எஞ்சின் ஒரே நொடியில் வெறிபிடித்தாற்போல் சுற்றும். ஃப்ளைவீலில் சேரும் ஆற்றல் சுற்று வேகத்தின் வர்க்கத்துக்குச் சமமாக ஏறும். அடுத்த நொடி ப்ரொப்பெல்லர் தண்ணீரில் விழுந்து சட்டென்று பிடிக்கப்படுகிறது. சேர்ந்த ஆற்றல் முழுவதும் இறங்க ஒரே வழி, அந்தப் பல். ஏரியில் 25,000 மைல் ஓடியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதற்கு இயந்திரத்தில் மருந்து கிடைக்காததால் ஆளைப் போட்டார்கள். கடல் பந்தயப் படகுகளில் ஸ்டீயரிங் பிடிக்க ஒருவர், ஆக்ஸிலரேட்டரை மட்டும் பார்த்துக்கொள்ள 'த்ராட்டில்மேன்' என்று இன்னொருவர். படகு அலையை விட்டுக் கிளம்பும் கணத்தில் இழுத்து, இறங்கும் கணத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். மணிக்கணக்கில், ஒவ்வொரு அலைக்கும். நான் படித்தவரையில் ஒரு பல்சக்கரத்தைக் காப்பாற்றுவதில் இவ்வளவு நேரடியாக ஒரு மனிதன் உட்கார்ந்த இடம் வேறு இல்லை.

பல் எப்படிச் சாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஷாப் ஃப்ளோரில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதுதான். ஒன்று, முறிவு. பல்லின் வேரில் மயிரிழை விரிசல் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, ஒருநாள் படாரென்று போகும். உடைந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை வந்துபோன மாதிரி கோடுகள் இருக்கும். அந்தக் கோடு இல்லாமல் கரடுமுரடாக இருந்தால் ஒரே அடியில் போயிருக்கிறது, எகிறி விழுந்த கேஸ். இரண்டாவது, பிட்டிங். இரண்டு பற்கள் தொடுகிற இடம் சில சதுர மில்லிமீட்டர்தான். அங்கே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம். அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். மூன்றாவது, எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்போடு இரும்பு ஒட்டி உரிவது, ஸ்கஃபிங்.

முறிவுக்கும் பிட்டிங்குக்கும் பதில் கார்பன் ஏற்றிய எஃகு. மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கண்ணாடி மாதிரி கடினம், உள்ளே வளைந்து கொடுக்கும் மென்மை. மெதுவடை தத்துவம் என்று நான் சொல்வது வழக்கம். ஸ்கஃபிங்குக்குப் பதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த கெட்டி கியர் ஆயில். ஆனால் படகுக்கென்று ஒரு நான்காவது எதிரி உண்டு: தண்ணீர். யாரோ அறுத்துவிட்ட தூண்டில் நரம்பு ப்ரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு ரப்பர் சீலை அறுக்கும். சொட்டுச் சொட்டாக உள்ளே போகும் தண்ணீர் எண்ணெயைப் பாலாக்கிவிடும். ஆயிலை இறக்கும்போது காபி நிறத்தில் வந்தால், எத்தனை உயர்ந்த எஃகாக இருந்தாலும் பிட்டிங் ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கூட்டையும் மறக்கக் கூடாது. சுமை ஏறும்போது அலுமினியக் கூடே நெளியும், சூட்டில் எஃகைவிட அதிகமாக விரியும். மேஜையில் மார்க்கிங் ப்ளூ தடவிப் பார்க்கும்போது பல்லின் நடுவில் அழகாகப் பதிந்த தடம், முழு வேகத்தில் ஓரத்துக்கு ஓடிவிடும். ஓரத்தில் மட்டும் சுமை விழுந்தால் மூலை பெயரும். அதனால் பல்லின் முகத்தைக் கொஞ்சம் குவித்து வெட்டுவோம், ஷிம் வைத்து இடைவெளியைச் சரிசெய்வோம். நல்ல மெக்கானிக் கட்டிய டிரைவும் அவசரத்தில் கட்டியதும் ஒரே பாகங்களால் ஆனவைதான், ஆயுள் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும்.

1982-ல் வால்வோ பென்டா கொண்டுவந்த 'டுவோப்ராப்' எனக்கு மிகவும் பிடித்த விடை. ஒரே தண்டு கீழே இறங்குகிறது, அதன் நுனிக் கியர் முன்னும் பின்னும் இரண்டு கியர்களைச் சேர்த்துச் சுற்றுகிறது, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர். திறன் கூடும் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். கியர்காரனுக்குத் தெரியும், ஒரு பல் சுமந்ததை இரண்டு பற்கள் பங்கு போட்டுக்கொண்டன, அதுவும் கூட்டின் பருமனை ஏற்றாமல். பந்தய டிரைவ்களில் கியரை எண்ணெயில் முக்கி வைக்காமல் பம்ப் வைத்துத் தெளிக்கும் முறை வந்தது. கடைவதால் வரும் சூடு குறைந்தது.

ஹோவர்ட் ஆர்னசன் இன்னொரு பக்கம் போனார். நீச்சல் குளத்தைத் தானே சுத்தம் செய்கிற கருவியைக் கண்டுபிடித்தவர். 1980 வாக்கில் வந்த அவருடைய சர்ஃபேஸ் டிரைவில் மூலையே கிடையாது. தண்டு படகின் பின்பக்கமாக நேரே நீளும், ப்ரொப்பெல்லர் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றும். இழுப்பதற்குக் கூடும் இல்லை, உடைவதற்கு மூலைப் பல்லும் இல்லை. நம் நாகப்பட்டினம், கடலூர் பக்கம் ஃபைபர் வள்ளங்களில் மாட்டியிருக்கும் லாங்டெயில் டீசல் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. நீண்ட தண்டு, நுனியில் ப்ரொப்பெல்லர், கரை வந்தால் கையாலேயே தூக்கிக்கொள்ளலாம். அங்கே காரணம் வேகமில்லை, மணலில் படகேற்றும் கஷ்டமும் ரிப்பேர் செலவும்தான். ஆனால் தப்பித்தது அதே மூலையிலிருந்து.

எவின்ரூட் பெயரில் அவுட்போர்டு செய்வதை 2020-ல் நிறுத்திவிட்டார்கள். 2021-ல் மெர்குரி 12 சிலிண்டர், 7.6 லிட்டர், 600 ஹெச்.பி. அவுட்போர்டு ஒன்றைக் கொண்டுவந்தது. எவின்ரூட் 1909-ல் விற்றதைப் போல 400 மடங்கு. அதன் அடிக்கூட்டில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர்கள், மேலே இரண்டு வேக ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. செங்குத்துத் தண்டு இன்னமும் இறங்கிவந்து, தண்ணீருக்கு அடியில் அதே 90 டிகிரியைத்தான் திரும்புகிறது.